மணலுக்கும் காந்தத்துக்கும் நடுவே

2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் பலவற்றின் மீதும் புதிய சுங்க வரிகளை அறிவித்தார். இரண்டே நாளில் பெய்ஜிங்கிலிருந்து பதில் வந்தது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு தனிமங்களையும் அவற்றைச் சேர்த்துச் செய்த காந்தங்களையும் சீன அரசின் உரிமம் இல்லாமல் இனி யாரும் ஏற்றுமதி செய்யக் கூடாது. இதைத் தடை என்று சொல்லவும் முடியாது. விண்ணப்பிக்கலாம்; யாருக்கு விற்கிறோம், அவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்று எழுதிக் கொடுக்கலாம்; பிறகு காத்திருக்கலாம். மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு நிறுவனத்தின் கார் ஆலை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. ஜப்பானில் சுசுகி நிறுவனம் ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்திவைத்தது. இந்தியாவில் மாருதி, தன் முதல் மின்காரின் அரையாண்டு உற்பத்தி இலக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது.

இத்தனை ஆலைகளையும் தடுமாற வைத்தவை சின்னஞ்சிறு காந்தங்கள். காரின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரிலும் ஸ்டியரிங்கிலும் பிரேக்கின் உணரியிலும் அவை இருக்கின்றன. மின்காரை உந்தும் மோட்டாரில் ஓரிரு கிலோ இருக்கும். எஃப்-35 போர் விமானம் ஒன்றுக்கு 400 கிலோவுக்கு மேல் இத்தகைய தனிமங்கள் சேர்ந்த பொருள்கள் தேவை என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்கு. 2022 செப்டம்பரில் அந்த விமானத்தின் பம்பு ஒன்றில் இருந்த காந்தம் சீனக் கலப்புலோகத்தால் ஆனது என்று தெரியவந்ததும் பென்டகன் புதிய விமானங்களைப் பெற்றுக்கொள்வதை நிறுத்தியது. அடுத்த மாதமே விதிவிலக்கு அளித்து வாங்கிக்கொண்டது. சீனாவை மனத்தில் வைத்துக் கட்டும் விமானத்துக்குச் சீன உலோகம்.

வல்லரசு என்றதும் அணுகுண்டும் விமானந்தாங்கிக் கப்பலும் ஐ.நா. வீட்டோவும் நம் நினைவுக்கு வருகின்றன. மேலே சொன்ன ஏழையும் சேர்த்து அருமண் தனிமங்கள் என்று வேதியியலில் சொல்லப்படும் பதினேழு பொருள்களின் நூறாண்டு வரலாற்றைப் படித்தால் அதைவிட அன்றாடமான ஓர் அதிகாரம் தெரிகிறது. ஒரு பொருளைச் செய்வதில் உள்ள அழுக்கு வேலை எந்த மண்ணில் நடக்க வேண்டும், அதன் கழிவு யார் வாசலில் கிடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம். அமெரிக்கா அந்த வேலையைத் தலைமுழுகியது. சீனா எடுத்துக்கொண்டது, அதில்தான் அதன் இன்றைய பிடி உருவாயிற்று. இப்போது சீனாவும் அந்த அழுக்கின் ஒரு பகுதியை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டது.

வேலை என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அரசியல் அதற்குள்தான் இருக்கிறது. இந்தத் தனிமங்கள் கிடைப்பதே அரிது என்பது உண்மையல்ல. சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கு உண்டு. ஆனால் எங்கும் தனியாகக் கிடைப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே கிடைக்கின்றன. வேதியியல் குணத்தில் எல்லாம் உடன்பிறப்புகள். எனவே தாதுவை அமிலத்தில் கரைத்து, மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்த கரைப்பானோடு சேர்த்துக் கலக்கி, இரண்டும் பிரியும்வரை படியவிடுகிறார்கள். நியோடிமியம் சற்றுக் கூடுதலாக எண்ணெயின் பக்கம் போகும். பிரசியோடிமியம் சற்றுக் குறைவாக. அந்தச் ‘சற்று’ மட்டும்தான் கிடைக்கும் இலாபம். அடுத்த தொட்டியில் மறுபடி கலக்கு, மறுபடி படியவிடு. இப்படி நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாகக் கடந்த பிறகுதான் ஒரு தனிமம் தூய்மையாகக் கையில் வரும். ஒவ்வொரு தொட்டிக்கும் அமிலமும் காரமும் வார்க்க வேண்டும். உப்பும் அம்மோனியாவும் கலந்த கழிவுநீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். தாதுவில் பெரும்பாலும் தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் இருப்பதால் மிஞ்சும் சக்கையில் கதிர்வீச்சும் உண்டு.

தோண்டுவது எளிது. காந்தம் வார்ப்பது நுட்பம், ஆனால் சுத்தமான தொழில். நடுவில் இருக்கும் இந்தத் தொட்டி வரிசைதான் யாரும் தன் ஊரில் வைத்துக்கொள்ள விரும்பாதது. யார் அதை வைத்துக்கொள்கிறாரோ அவரிடம்தான் மற்ற இருவரும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கதையின் தொடக்கத்தில் நாமும் இருக்கிறோம். ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுயர் ஃபோன் வெல்ஸ்பாக் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காஸ் விளக்குக்கான மாண்டிலை உருவாக்கினார். கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாக ஒளிர்ந்த அதே மாண்டில்தான். தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்பது அதன் சேர்மானம். இரண்டும் மோனசைட் மணலில் உண்டு. அப்போது அந்த மணல் பிரேசிலிலிருந்து வந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்ச் சீமையின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டை அடையாளம் கண்டார். இங்கிருந்து கப்பலேறிய தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். முதல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டன் ஜெர்மானியப் பிடியை அறுத்துத் தொழிலைத் தன் நாட்டவர் கையில் சேர்த்தது. ஒரு கடற்கரையின் மணல் யாருக்குப் போக வேண்டும் என்பதை ஒரு பேரரசு முடிவு செய்த முதல் தருணம் அது.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியத்தின் மதிப்பே வேறாகிவிட்டது. அதிலிருந்து அணு எரிபொருள் செய்யலாம் என்று தெரிந்ததால் வாஷிங்டனும் லண்டனும் இந்தக் கடற்கரையை உற்று நோக்கின. திருவிதாங்கூர் இனித் தனி நாடு என்று 1947 ஜூனில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்த துணிச்சலில் மோனசைட்டுக்கும் பங்கு உண்டு. அந்த அறிவிப்பு இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

சுதந்திர இந்தியாவுக்குச் சோதனை 1951இல் வந்தது. பஞ்சத்தின் விளிம்பில் நின்ற நாடு அமெரிக்காவிடம் கோதுமை கேட்டது. சும்மா கொடுப்பானேன், பதிலுக்கு மோனசைட்டை வாங்குவோம் என்ற குரல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்தது. அணு ஆயுதத்துக்குப் பயன்படக்கூடிய பொருளைப் பசிக்கு ஈடாகத் தர நேரு இசையவில்லை. மாதக்கணக்கில் இழுபறி. கடைசியில் ஜூன் மாதம், 20 லட்சம் டன் தானியத்துக்காக 19 கோடி டாலர் கடன் சட்டமாயிற்று. மோனசைட் கப்பலேறவில்லை. 1952 டிசம்பரில் கேரளத்தின் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்துவைத்தார். மணலாக விற்க மாட்டோம், பிரித்தே விற்போம் என்று அந்த வயதிலேயே இந்தியா எடுத்த முடிவு எவ்வளவு சரியானது என்பது எழுபது ஆண்டு கழித்து இன்று தெரிகிறது.

1953இல் அடுத்த உரசல். இந்தியா சுமார் ஒரு டன் தோரியம் நைட்ரேட்டைப் போலந்துக் கப்பல் ஒன்றில் சீனாவுக்கு அனுப்பியது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்குப் போர்த்தொழில் பொருள்களை விற்கும் எந்த நாட்டுக்கும் உதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்காவின் 1951ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியாவுக்கான மொத்த உதவியும் ஒரு டன் சரக்கால் தொங்கலில் நின்றது. இந்தியாவின் உபரித் தோரியம் நைட்ரேட்டைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அமெரிக்கா சிக்கலைச் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டது. அன்றைக்கு அமெரிக்கா எடுத்த அதே ஆயுதத்தைத்தான் 2025இல் சீனா எடுத்தது: இந்தப் பொருள் யாரிடம் போகிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் நீ விற்க வேண்டும். சீனாவின் நடவடிக்கையைக் கேள்விப்படாத அராஜகம்போல எழுதும் மேற்கத்தியப் பத்திரிகைகள் இந்தப் பழைய கணக்கை எடுத்துப் பார்ப்பதில்லை.

ஆலுவாவின் முன்தொடக்கம் வீணானதற்குக் காரணம் வெளியே மட்டும் இல்லை. மோனசைட் அணுசக்தித் துறையின் பொருளாயிற்று. துறையின் கண் தோரியத்தில். அருமண் தனிமங்கள் உபவிளைவு. வண்ணத் தொலைக்காட்சி வந்தபோதும் காந்தம் வந்தபோதும் அந்தப் பார்வை மாறவில்லை.

அமெரிக்காவுக்கு அதற்குள் சொந்த வழி திறந்துவிட்டது. 1949இல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் யுரேனியம் தேடிப் போனவர்கள் மவுன்டன் பாஸ் என்ற இடத்தில் அருமண் தாதுவைக் கண்டார்கள். அறுபதுகளில் வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு நிறத்துக்கு யூரோப்பியம் தேவைப்பட்டதும் அந்தச் சுரங்கம் உலகச் சந்தையின் அரசன் ஆயிற்று. எண்பதுகளில் ஜப்பானில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் ஒருவரையறியாமல் ஒருவர் நியோடிமியக் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். தாது, பிரிப்பு, காந்தம் மூன்றும் அமெரிக்கா என்ற ஒரே நாட்டில் இருந்த காலம் அது.

பிறகு கைவிட்டது எப்படி? மவுன்டன் பாஸின் கழிவுநீர் குழாய் வழியாகப் பாலைவனத்தின் வறண்ட ஏரி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1984க்கும் 1998க்கும் இடையில் அந்தக் குழாய் ஏறக்குறைய 60 முறை உடைந்தோ கசிந்தோ சுமார் 6 லட்சம் காலன் கழிவுநீர் மண்ணில் கொட்டியது. அதில் கதிர்வீச்சும் இருந்தது. அபராதமும் வழக்கும் வந்தன. அந்த நேரத்தில் சீனச் சரக்கு மலிவாகக் கிடைத்தது. 1998இல் பிரிப்பு ஆலை நின்றது. 2002இல் சுரங்கமும் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவான மேக்னிக்வென்சை 1995இல் சீன அரசுத் தொடர்புள்ள நிறுவனங்களும் இருந்த ஒரு கூட்டுக்கு விற்றது. அமெரிக்க அரசே ஒப்புதல் கொடுத்தது. இண்டியானா மாநிலத்தில் இருந்த இயந்திரங்கள் சீனாவின் தியான்ஜின் நகரத்துக்குப் போயின. யாரும் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. மலிவு விலையில் காந்தம் வேண்டும், கழிவு மட்டும் கண்ணில் படக் கூடாது என்று ஒரு பணக்கார நாடு எடுத்த முடிவு அது. சுற்றுச்சூழல் சட்டம் கடுமையானதால் தொழில் போயிற்று என்று இன்றைக்கு வாஷிங்டனில் புலம்புகிறவர்கள் உண்டு. சட்டம் கழிவுக்கு விலை வைத்தது. அந்த விலை சேராத சரக்கை எல்லையில் தடையின்றி உள்ளே விட்டது வணிகக் கொள்கை. குற்றவாளி இரண்டாவதுதான்.

சீனாவின் பக்கத்தில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். ஷு குவாங்ஷியான் 1951இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுக்கொண்டு, கொரியப் போரின் நடுவே நாடு திரும்பிய வேதியியலாளர். கலாச்சாரப் புரட்சியில் உளவாளி என்ற சந்தேகத்துக்கு ஆளாகி மனைவியோடு உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மீண்ட பிறகு 1972இல் அவருக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது: பிரசியோடிமியத்தையும் நியோடிமியத்தையும் பிரிப்பதற்கு வழி கண்டுபிடி. எத்தனை தொட்டி, எந்தத் தொட்டியில் எவ்வளவு அமிலம், எவ்வளவு வேகம் என்று ஆய்வகத்தில் மாதக்கணக்கில் தடவித் தடவிப் பார்க்கும் வேலையை அவர் கணிதச் சூத்திரங்களாக மாற்றினார். சூத்திரத்தைக் கணினியில் ஓட்டிவிட்டு நேரடியாக ஆலை கட்டலாம் என்றாயிற்று. தம் முறையை அவர் பயிலரங்கு நடத்தி எல்லோருக்கும் கற்றுக் கொடுத்தார். ஊர்தோறும் பிரிப்பு ஆலைகள் முளைத்தன. அரசு 1985 முதல் ஏற்றுமதியாளர்களுக்கு வரியைத் திருப்பிக் கொடுத்தது. உலக விலை சரிந்தது. மத்திய கிழக்குக்கு எண்ணெய் என்றால் சீனாவுக்கு அருமண் என்று தெங் சியாவோபிங் சொன்னதாக ஒரு வாசகத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தெங்கின் வாசகத்தைவிட ஷுவின் சூத்திரத்துக்குத்தான் இதில் பங்கு அதிகம்.

அதே ஷு, எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2005இலும் 2006இலும் சக அறிவியலாளர்களோடு சேர்ந்து பிரதமர் வென் சியாபாவுக்கு மனு எழுதினார். பாயன் ஓபோ சுரங்கத்தின் தோரியம் வீணாகிக் கழிவில் போகிறது. மஞ்சள் ஆறு மாசுபடுகிறது. அருமண் பொருளை மண் விலைக்கு விற்கிறோம் என்பது அவர் முறையீடு. பாயன் ஓபோ உள் மங்கோலியாவில் இருக்கும் உலகின் மிகப் பெரிய அருமண் சுரங்கம். அதன் தாது பாவ்தோ நகரத்துக்கு வருகிறது. நகரத்துக்கு வெளியே சுமார் 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் சக்கையும் கழிவுநீரும் தேங்கிய ஓர் அணை. மஞ்சள் ஆறு அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடிப்பகுதிக்கு நீர்புகாத் தளம் போடாமலே ஐம்பதுகளின் தொழில்நுட்பத்தில் அது தொடங்கியது. சுற்றியிருந்த ஊர்களில் பயிர் கருகியது, கிணறு கெட்டது, ஆடுமாடு செத்தது, ஊர்க்காரர்கள் இடம்பெயர்ந்தார்கள்.

தெற்கே ஜியாங்ஷி மாகாணத்தின் கான்ஜோவில் கதை வேறு விதம். அங்குள்ள செம்மண் குன்றுகளில் டிஸ்புரோசியமும் டெர்பியமும் களிமண்ணோடு லேசாக ஒட்டியிருக்கின்றன. சூடேறினாலும் காந்தம் தன் வலுவை இழக்காதிருக்க இவைதான் வேண்டும். குன்றின் மேல் துளை போட்டு அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை உள்ளே விட்டால், அது மண்ணுக்குள் ஊர்ந்து அடிவாரத்தில் அருமண்ணோடு வடியும். ஆரம்ப முதலீடு அதிகம் தேவையில்லை என்பதால் கள்ளச் சுரங்கங்கள் பெருகின. 2012இல் சீன அமைச்சரவையே வெள்ளை அறிக்கை வெளியிட்டுச் சேதத்தை ஒப்புக்கொண்டது. கான்ஜோவை மட்டும் சீர்ப்படுத்த 3,800 கோடி யுவான் தேவைப்படும் என்று அமைச்சக அதிகாரி ஒருவர் அதே ஆண்டில் சொன்னார். உலகம் வாங்கிய மலிவு விலையில் சேராத தொகை அது.

இந்தப் பிடியின் வலுவை உலகம் முதலில் உணர்ந்தது 2010 செப்டம்பரில். கிழக்குச் சீனக் கடலில் சர்ச்சைக்குரிய தீவுகள் அருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்கள் மீது மோதியது. படகின் தலைவரை ஜப்பான் பிடித்துவைத்தது. சீனத் துறைமுகங்களில் ஜப்பானுக்குப் போக வேண்டிய அருமண் சரக்கு நகரவில்லை. தலைவர் விடுவிக்கப்பட்ட பிறகும் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தது. அடுத்த ஆண்டு விலைகள் பல மடங்கு ஏறின. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் 2012இல் உலக வர்த்தக அமைப்பில் சீனாவின் ஏற்றுமதி ஒதுக்கீடுகளை எதிர்த்து வழக்குப் போட்டு 2014இல் வென்றன. சந்தையைச் சுதந்திரமாக விடு என்பதே வழக்கின் சாரம். 2015இல் சீனா ஒதுக்கீட்டை நீக்கியது. விலை விழுந்தது. உயர் விலையை நம்பி மீண்டும் திறந்த மவுன்டன் பாஸின் முதலாளி நிறுவனமான மோலிகார்ப் அதே ஆண்டு ஜூனில் திவாலாயிற்று. வழக்கில் வென்றவர் தொழிலில் தோற்றார்.

ஜப்பான் மட்டும் பாடம் படித்தது. 2011இல் அதன் அரசு நிறுவனமும் சோஜிட்ஸ் வணிக நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் 25 கோடி டாலர் போட்டன. தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுன்ட் வெல்டில். தொட்டி வரிசை? மலேசியாவின் குவாந்தான் அருகே கெபெங்கில். மலேசியர்கள் தெருவுக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஜப்பானின் மிட்சுபிஷி பங்கு வைத்திருந்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் தொடங்கியது. தோரியக் கழிவு திறந்தவெளியில் கிடந்தது. அந்தச் சிற்றூரில் குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள், ஆனால் ஆலை 1994இல் மூடப்பட்டது. கழிவை அள்ளி மலையில் புதைக்கவே சுமார் 10 கோடி டாலர் ஆயிற்று. அந்த நினைவோடுதான் 2012 நவம்பரில் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர்வரை சுமார் 300 கிலோமீட்டர் நடந்தார்கள். லைனாஸ் ஆலை நிற்கவில்லை. சீனாவுக்கு வெளியே உலகம் பெற்ற முக்கியமான பிரிப்பு ஆலை அது. யாருடைய ‘பாதுகாப்பான விநியோகம்’ யாருடைய கொல்லைப்புறத்தில் நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சீனாவும் தன் குன்றுகளைக் காக்கத் தொடங்கியபோது எல்லைக்கு அப்பால் மியான்மரின் கச்சின் மாநிலம் இருந்தது. பங்வா, சிப்வி பகுதிகளில் இராணுவத்தோடு ஒத்துப்போன ஆயுதக் குழுவின் ஆட்சி. அதிகாரிகளும் இல்லை, ஆய்வாளர்களும் இல்லை. கான்ஜோவின் குழாயும் துளையும் அம்மோனியம் சல்பேட்டும் அப்படியே இங்கே வந்தன. காட்டை வெட்டி மொட்டையாக்கிய சரிவு. சரிவெங்கும் பிளாஸ்டிக் குழாய்கள். அடிவாரத்தில் தார்ப்பாய் விரித்த வட்டக் குட்டைகளில் நீலமும் பச்சையுமாகத் தேங்கிய கரைசல். குட்டையில் படியும் வெள்ளைச் சகதியை விறகுச் சூளையில் உலர்த்தி மூட்டை கட்டினால் லாரி சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குப் போகும். 2022 மார்ச்சில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் ஏறக்குறைய 300 இடங்களில் 2,700க்கு மேற்பட்ட குட்டைகளை எண்ணியது குளோபல் விட்னஸ் அமைப்பு. 2023இல் மியான்மரிலிருந்து சீனா இறக்குமதி செய்தது 41,700 டன், 140 கோடி டாலர் மதிப்பு. ஊறிப்போன குன்றுகள் மழையில் சரிகின்றன, ஆட்களைப் புதைக்கின்றன. 2024 அக்டோபரில் கச்சின் விடுதலை இராணுவம் பங்வாவைப் பிடித்தது. சுரங்கத்தை ஒரேயடியாக மூடியதா என்றால் இல்லை. வரி யாருக்கு என்பதுதான் மாறியது. உலகின் மின்கார் மோட்டார்களுக்குத் தேவையான டிஸ்புரோசியத்தில் பெரும்பங்கு இந்தச் சரிவுகளிலிருந்து போகிறது. பருவநிலையைக் காக்கப் புகையில்லா வண்டி ஓட்டுகிறவருக்கும் அந்த ஊரில் மீன் செத்து மிதக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு சீன ஆலை இருப்பதால், அவர் கணக்கில் அந்த ஓடை வருவதே இல்லை.

மறுக்கும் உரிமை கிடைத்தவர்கள் கதையும் ஒன்று உண்டு. கிரீன்லாந்து மக்கள் 2021 தேர்தலில் குவானஃபியெல்ட் சுரங்கத்தை எதிர்த்த கட்சிக்கு வாக்களித்து, யுரேனியம் கலந்த தாதுவைத் தோண்டுவதைச் சட்டத்தால் தடுத்தார்கள். சுரங்க நிறுவனம் நடுவர் மன்றத்துக்குப் போய் 1,150 கோடி டாலர்வரை இழப்பீடு கேட்டது. கிரீன்லாந்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 57,000.

2025இல் அமெரிக்கா என்ன செய்தது? ஜூலையில் அதன் பாதுகாப்புத் துறை, மவுன்டன் பாஸை இப்போது நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் 40 கோடி டாலர் போட்டு மிகப் பெரிய பங்குதாரர் ஆயிற்று. நியோடிமியம்-பிரசியோடிமியம் கிலோ 110 டாலருக்குக் கீழே போனால் வித்தியாசத்தைப் பத்தாண்டுகளுக்கு அரசே ஈடுகட்டும் என்று உறுதி கொடுத்தது. அரசுப் பங்கு, அரசு நிர்ணயித்த விலை, அரசுக் கொள்முதல். 2012இல் ஜெனீவாவில் சீனாவுக்கு எதிராகச் சந்தை வேதம் ஓதிய அதே நாடுதான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரியான கொள்கை, முப்பது ஆண்டு தாமதம். அக்டோபரில் சீனா மேலும் ஐந்து தனிமங்களைப் பட்டியலில் சேர்த்தது. சீன அருமண் 0.1 சதவீத மதிப்பு கலந்திருந்தாலும் வேற்று நாட்டில் செய்த பொருளுக்குக்கூடத் தன் உரிமம் வேண்டும் என்றது. வெளிநாட்டில் செய்த சில்லுகளுக்கு அமெரிக்கா ஏற்கெனவே விதித்திருந்த விதியின் நகல் அது. அக்டோபர் 30 அன்று புசானில் டிரம்ப்பும் சீன அதிபர் ஷியும் சந்தித்தபின் இந்தப் புதிய விதிகள் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. ஏப்ரல் மாதத்து உரிம முறை அப்படியே இருக்கிறது. இரண்டு வல்லரசுகளும் ஒன்றின் புத்தகத்தை மற்றொன்று பார்த்து எழுதிக்கொண்டிருக்கின்றன.

இந்த நெருக்கடி இந்தியாவை விழிக்க வைத்திருக்கிறது. நம் கடற்கரை மணலில் 1 கோடியே 30 லட்சம் டன் மோனசைட் இருப்பதாக அணுக் கனிம இயக்ககம் கணக்கிட்டிருக்கிறது. ஆண்டு உற்பத்தியோ 2,900 டன் அருமண் ஆக்சைடு. அதில் ஒரு பகுதி 2012 ஒப்பந்தப்படி ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. விசாகப்பட்டினத்தில் இருக்கும் காந்த ஆலையின் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ. 2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வேண்டிய திட்டம்தான். காந்தம் செய்ய ஆலை வேண்டும், ஆலைக்குத் தனிமம் வேண்டும், தனிமத்துக்கு மணல் வேண்டும்.

அந்த மணலின் ஒரு பங்கு கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. கீழ்மிடாலம், மிடாலம், ஏழுதேசம், கொல்லங்கோடு, இனயம் புத்தன்துறை ஊர்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்க ஒன்றிய அரசின் அருமண் நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அலை கருமணலைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கும். அதே அலை கரையையும் அரிக்கும். சுனாமியில் பிணங்களைத் தூக்கிய கடற்கரை அது. மணல் மேடு போனால் கடல் வீட்டுக்குள் வரும் என்று மீனவர்கள் சொல்வதை ஒதுக்க முடியாது. மணலை எடுத்துக் கதிர்வீச்சுத் தாதுவைப் பிரித்துவிட்டு மீதியைத் திரும்ப நிரப்புவதால் ஊரின் கதிர்வீச்சு குறையவே செய்யும் என்பது நிறுவனத்தின் வாதம். கதிர்வீச்சு பற்றி இரு பக்கமும் உரத்துப் பேசுகிறார்கள். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நீண்ட காலம் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சின் அளவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆனால் அது கிடக்கும் மணலைப் பற்றிய ஆய்வு. பிரித்தபின் திரளும் கழிவைப் பற்றியது அல்ல. இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டுப் பதிவு செய்வதற்காகத்தான் கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற ஏற்பாடு சட்டத்தில் இருந்தது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கூட்டம் எதிர்ப்பு காரணமாகத் தள்ளிப்போயிற்று.

2025 செப்டம்பர் 8ஆம் தேதி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் திட்டங்களுக்கு இனி மக்கள் கருத்தைக் கேட்கத் தேவையில்லை. பரப்பு எவ்வளவு ஆனாலும் டெல்லியிலேயே பரிசீலிக்கப்படும். பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டதால் இந்த விலக்கு என்று அதிலேயே இருக்கிறது. தமிழக முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறும்படி பிரதமருக்கு எழுதினார்.

பாவ்தோவிலும் பங்வாவிலும் ஊராரை யாரும் கேட்கவில்லை. புக்கிட் மேராவில் நீதிமன்றம் போய்க் கேட்க வைத்தார்கள். கிரீன்லாந்தில் வாக்குச்சீட்டால் கேட்க வைத்தார்கள். இந்தியா காந்தம் செய்ய வேண்டும். அதில் எனக்கு ஐயம் இல்லை. வல்லரசுகள் செய்த கணக்கையே, கழிவை எழுதாத கணக்கையே, திரும்பச் செய்ய வேண்டியதில்லை. செப்டம்பர் 8ஆம் தேதிக் குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும். 1,144 ஹெக்டேருக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் கொல்லங்கோட்டிலேயோ மிடாலத்திலேயோ, மீனவர்கள் கரையில் இருக்கும் ஒரு நாளில், நடத்தப்பட வேண்டும்.